‘சும்மா சும்மா ஆஃப் ஆகுது!’ - அரூர் அக்காவின் கம்ப்யூட்டரும் ஒரு கணக்கு நோட்டும்

மே மாதம். மதியம் இரண்டரை மணி. தருமபுரி மாவட்டம் அரூரில், தகரக் கூரை போட்ட ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. சித்தேரி மலையிலிருந்து பஸ் பிடித்து வந்த ஓர் அப்பாவும் மகளும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். மகள் பிளஸ் டூ முடித்தவள். அரசு கலைக் கல்லூரிக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதிக்கப்போகும் முதல் ஆள் அவள்தான்.

கடைக்கார அக்கா பெயர், முகவரி, மார்க் எல்லாம் அடித்து முடித்து, சாதிச் சான்றிதழை ஸ்கேன் செய்து ஏற்றப்போன நேரத்தில் கம்ப்யூட்டர் ‘டொப்’பென்று நின்றது. ஃபேன் சுற்றுகிறது, டியூப் லைட் எரிகிறது. கம்ப்யூட்டர் மட்டும் போய்விட்டது. கறுப்புத் திரையில் ‘நோ சிக்னல்’ என்று ஓர் எழுத்து மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

“ஒரு நிமிஷம் கண்ணு, வந்துடும்” என்றார் அக்கா. வந்தது. பத்து நிமிடத்தில் மறுபடியும் போனது. மூன்றாவது முறை ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.

அப்பா வாசலில் போய் நின்று பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். “பரவால்லீங்க, நாளைக்கு வரோம்” என்றார். நாளைக்கு என்றால் இன்னொரு நாள் கூலி போகும், இரண்டு பேருக்கும் மறுபடி பஸ் காசு. அது அக்காவுக்குத் தெரியும். கடையைச் சாத்திவிட்டு, தனக்குப் போட்டியாக இருக்கும் எதிர்க் கடைக்கு அவர்களை அழைத்துப்போனார். கூடவே உட்கார்ந்து விண்ணப்பத்தை முடித்து, காசும் அவரே கொடுத்தார். அப்பாவும் மகளும் ஓடிப்போய் பஸ் ஏறினார்கள்.

அன்று ராத்திரி வீட்டில் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. “காசு போனா போகுது. நம்மள நம்பி வந்தவங்கள அடுத்த கடையில கொண்டுபோய் விட வேண்டியதாப் போச்சே” என்பதுதான் அவர் புலம்பல்.

ஆளுக்கொரு வைத்தியம்

கம்ப்யூட்டர் தானாக அணைவது அன்றைக்குப் புதிதாக வந்ததல்ல. ஒரு மாதமாகவே நடக்கிறது. ஆனால் எப்போது அணையும் என்று சொல்ல முடியாது. சில நாள் காலையில் இரண்டு முறை. சில நாள் முழுக்க ஒன்றுமே ஆகாது.

வந்தவர்கள் எல்லோரும் வைத்தியர் ஆனார்கள். “வைரஸ்க்கா, ஃபார்மட் அடிச்சுடுங்க” என்றார் ஒருவர். அடித்தாயிற்று. புது விண்டோஸும் அதே மாதிரி அணைந்தது. “கண்ணு பட்டிருக்கு” என்றார் பக்கத்து பஜ்ஜிக் கடை அம்மா. எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டித் தொங்கவிட்டாயிற்று. டவுனில் ஒரு கடையில் தூக்கிப்போய்க் காட்டியபோது, திறந்துகூடப் பார்க்காமல் “மதர்போர்டு போச்சு. நீங்க ரொம்ப யூஸ் பண்றீங்க. புதுசா வாங்கிடுங்க” என்றார்கள்.

‘ரொம்ப யூஸ் பண்றீங்க’ என்ற பதில் அரூரில் மட்டும் கிடைப்பதல்ல. 2003 மே முதல் 2005 ஜூலை வரை அமெரிக்காவின் டெல் நிறுவனம் விற்ற கம்ப்யூட்டர்களில் குறைந்தது 1.18 கோடி, பழுதாகும் அபாயத்தோடு போயிருந்தன என்ற விவரம் 2010-ல் நீதிமன்ற ஆவணங்கள் மூலம் வெளியே வந்தது. மதர்போர்டில் இருந்த கெப்பாசிட்டர்கள் வீங்கி, கசிந்து, கம்ப்யூட்டரைச் சாய்த்தன. டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறை புகார் செய்தபோது கிடைத்த விளக்கம் என்ன தெரியுமா? கஷ்டமான கணக்குகளைப் போட்டு மெஷினுக்கு அதிக வேலை கொடுத்ததுதான் காரணமாம்! அந்த வழக்கில் டெல்லுக்காக வாதாடிய சட்ட நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களே அதே பழுதில் மாட்டியிருந்தன.

பழுது எங்கே என்று தேடுவதைவிட, பயன்படுத்தியவர் மேல் பழி போடுவது எப்போதுமே சுலபம்.

ஞாயிற்றுக்கிழமை ஆபரேஷன்

அக்காவின் மூத்த சகோதரி மகன் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலிலிருந்து வந்தவன் ஸ்க்ரூ டிரைவரோடு கடைக்கு வந்துவிட்டான்.

முதலில் விண்டோஸின் ‘ஈவென்ட் வியூவரை’த் திறந்து பார்த்தான். நின்றுபோன ஒவ்வொரு முறைக்கும் ‘கெர்னல் பவர் 41’ என்று ஒரு சிவப்புக் குறி. “கண்டுபிடிச்சிட்டியா?” என்று அக்கா ஆசையாகக் கேட்டார்.

“இல்ல சித்தி. இது ஆள் விழுந்துட்டான்னு மட்டும்தான் சொல்லும். ஏன் விழுந்தான்னு சொல்லாது.”

கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து பயாஸ் திரைக்குள் போனான். அங்கே பிராசஸரின் வெப்பம் 84 டிகிரி என்று காட்டியது. எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே 84! இன்றைய பிராசஸர்கள், சிப்பைப் பொறுத்து, ஏறக்குறைய 100 டிகிரி வரைதான் தாங்கும். அதை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காமல் சூடு ஏறினால், கருகிப்போகாமல் இருக்கத் தானே சட்டென்று அணைந்துவிடும். அதாவது, அந்த அணைப்பு ஒரு நோயல்ல, தற்காப்பு.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். உள்ளே பார்த்த அக்காவுக்கே வெட்கமாகிவிட்டது. ரோட்டுப் புழுதி, ஜெராக்ஸ் பேப்பர் தூள், பஜ்ஜிக் கடை எண்ணெய்ப் புகை எல்லாம் சேர்ந்து, பிராசஸர் மேல் இருக்கும் ஃபேனுக்கு அடியில் கம்பளி மாதிரி படிந்திருந்தது. காற்று போக ஊசி முனை இடமில்லை. மேலே தகரக் கூரை, வெளியே அக்னி நட்சத்திரம். வேறு என்ன வேண்டும்?

பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, ஊதி, துடைத்தான். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டுதான் ஊதினான். வேகமாகச் சுற்றவிட்டால் அதன் பேரிங் கெட்டுவிடுமாம். பிராசஸருக்கும் அலுமினியக் கட்டைக்கும் நடுவில் இருந்த பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து, சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்தான். மதர்போர்டில் எந்தக் கெப்பாசிட்டராவது தலை வீங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தான். எல்லாம் தட்டையாக, நன்றாகவே இருந்தன. டவுன் கடைக்காரர் சாகடித்த மதர்போர்டு உயிரோடுதான் இருந்தது!

திரும்பப் பூட்டி ஆன் செய்தால் 49 டிகிரி. மூன்று நாள் ஒரு தொந்தரவும் இல்லை. அக்கா எலுமிச்சம்பழத்தைக் கழற்றிவிட்டார்.

நாலாம் நாள் காலை பத்து மணி. வாடிக்கையாளர் ஒருவருக்கு ஆதார் பிரின்ட் கொடுத்தார். ‘டக்.’ கம்ப்யூட்டர் போய்விட்டது.

போனில் வந்த கேள்வி

அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஹாஸ்டலுக்கு போன் போட்டார். பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“சித்தி, ஆஃப் ஆகும்போது மானிட்டர் லைட் எரியுதா, அதுவும் சேர்ந்து போகுதா?”

அக்கா பார்க்கவில்லை. யார் அதையெல்லாம் பார்ப்பார்கள்?

“இனிமே பாருங்க. ஒவ்வொரு தடவையும் மணி என்ன, என்ன வேலை செஞ்சீங்க, மானிட்டர் லைட் எரிஞ்சுதா இல்லையா, ஏதாவது சத்தம் வந்துச்சா, எல்லாம் எழுதி வைங்க.”

பாக்கிக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அக்கா கோடு போட்டார். ஒரு வாரத்தில் எட்டு முறை அணைந்தது. ஞாயிறு இரவு கடையைச் சாத்திவிட்டு அந்தப் பக்கத்தைப் பார்த்தவருக்குச் சட்டென்று ஏதோ பொறிதட்டியது.

எட்டு முறையும் மானிட்டர் விளக்கும் சேர்ந்து போயிருக்கிறது. எட்டு முறையும் மேசைக்குக் கீழே இருக்கும் யூபிஎஸ்ஸிலிருந்து ‘டக்’ சத்தம். எட்டில் ஆறு, பிரின்ட் கொடுத்தவுடன். அதுவும் ரொம்ப நேரம் சும்மா இருந்த பிரின்டரில் முதல் பிரின்ட் கொடுக்கும்போது. மீதி இரண்டும் சாயந்திரம் நாலு மணி வாக்கில். நாலு மணிக்கு என்ன? பக்கத்துக் கடையில் பஜ்ஜி, வடைக்கு கிரைண்டர் போடும் நேரம்!

பையனுக்கு மறுபடி போன் பறந்தது. இந்த முறை காரணத்தைச் சொன்னது சித்திதான். “பிரின்டர் முழிக்கும்போது கரென்ட இழுக்குது. அதான?”

அதேதான். லேசர் பிரின்டர் உள்ளே ஓர் உருளையைச் சூடாக்கித்தான் மைத்தூளைப் பேப்பரில் உருக்கி ஒட்ட வைக்கிறது. தூக்கத்திலிருந்து எழுந்து சூடேறும் அந்தச் சில விநாடிகளில் நூற்றுக்கணக்கான வாட் மின்சாரத்தை ஒரே மூச்சில் இழுக்கும். அக்காவின் கடையில் பிரின்டரும் கம்ப்யூட்டரும் ஒரே சின்ன யூபிஎஸ்ஸில் சொருகியிருந்தன. 230 வோல்ட் வரவேண்டிய லைனில் வோல்டேஜ் சரியும். உடனே யூபிஎஸ் ‘டக்’கென்று பேட்டரிக்கு மாறும். நல்ல பேட்டரி என்றால் தாங்கியிருக்கும். இது நாலு வருஷப் பழசு. கம்ப்யூட்டர், மானிட்டர், பிரின்டர் மூன்றும் தலையில் விழுந்ததும் அது சுருண்டுவிட்டது. அடுத்த விநாடி கரென்ட் சீராகிவிடுவதால், பார்ப்பவர்களுக்குக் கரென்ட் போன மாதிரியே தெரியாது. கம்ப்யூட்டர் மட்டும் காரணமில்லாமல் நின்ற மாதிரி இருக்கும். கிரைண்டர் ஓட ஆரம்பிக்கும்போது நடந்ததும் இதே கதைதான்.

சந்தேகத்தைத் தீர்க்க அக்காவே ஒரு பரீட்சை வைத்தார். எல்லா வேலையையும் சேவ் செய்துவிட்டு, யூபிஎஸ் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார். பத்து நிமிடமாவது தாங்க வேண்டிய பேட்டரி, மூன்று எண்ணுவதற்குள் போய்விட்டது.

புதுப் பேட்டரி போட்டார். பிரின்டரை யூபிஎஸ்ஸிலிருந்து கழற்றி, நேராகச் சுவர் பிளக்கில் சொருகினார். அவ்வளவுதான். புதுக் கம்ப்யூட்டர் விலையில் சின்னப் பங்குகூட ஆகவில்லை.

அப்படியானால் அந்தச் சித்தேரிப் பெண் வந்த அன்று? அன்றைக்கு மானிட்டர் எரிந்தது. ‘நோ சிக்னல்’ காட்டியது. பிரின்ட் எதுவும் கொடுக்கவில்லை. திரும்பத் திரும்ப ஆன் செய்யச் செய்ய இன்னும் சீக்கிரமாக நின்றது. அது சூடு. ஆக, ஒரே உடம்பில் இரண்டு காய்ச்சல். ஒன்றைத் தீர்த்ததும் இன்னொன்று தனியாகத் தெரிந்தது. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பார்த்ததால்தான் ‘சும்மா சும்மா ஆஃப் ஆகுது’ என்று தோன்றியது.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் இப்படியா?

* அணையும்போது மானிட்டர் விளக்கைப் பாருங்கள். அதுவும் சேர்ந்து போனால், யூபிஎஸ், ஸ்விட்ச், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், லூஸ் பிளக் பக்கம் தேடுங்கள். மானிட்டர் எரிந்தால், பெட்டிக்குள் தேடுங்கள்.

* கொஞ்ச நேரம் ஓடியபின், அதுவும் வேலை அதிகமாகும்போது அணைந்தால் சூட்டைச் சந்தேகியுங்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

* சூடும் இல்லை, யூபிஎஸ்ஸும் நல்லது என்றால் அடுத்த சந்தேகம், பெட்டிக்குள் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மேல். வேறொரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பதுதான் சரியான வழி. அந்தப் பெட்டியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

* ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலையும் சேர்த்து மாற்றினால், எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

* முக்கியமாக, எழுதி வையுங்கள்.

ஜூன் மாதம் ஒருநாள் அந்தச் சித்தேரிப் பெண் மறுபடி கடைக்கு வந்தாள். கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. சேர்க்கைக்குச் சில காகிதங்கள் பிரின்ட் எடுக்க வேண்டும். எதிர்க் கடையைத் தாண்டித்தான் இங்கே வந்திருந்தாள்.

“இப்ப நிக்குமாக்கா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அக்கா பதில் சொல்லாமல் பிரின்ட் கொடுத்தார். பிரின்டர் உறுமி எழுந்தது. டியூப் லைட் ஒரு நொடி மங்கியது. பக்கத்துக் கடையில் கிரைண்டரும் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் கண் மானிட்டர் விளக்கின் மேலேயே இருந்தது.

அது எரிந்துகொண்டே இருந்தது. நாலு பக்கமும் சூடாக வெளியே வந்தன.