கிளிக்கு முந்து: அந்தமான் தோட்டக் குறிப்புகள்

தின்றது யார் என்று கீழே கிடக்கும் காயே சொல்லிவிடும். பச்சைக் கொய்யாவைக் கடித்துக் குதறி, விதையைக் குடைந்து, மீதியைப் போட்டிருந்தால் கிளி. பழுத்ததில் மட்டும் குழி விழுந்திருந்தால் கொண்டைக்குருவி, இல்லையென்றால் மைனா. மென்று உருட்டித் துப்பிய சக்கை கிடந்தால் அது பறவை வேலையே இல்லை. ராத்திரி வந்த பழந்தின்னி வௌவால்.

*

இங்கே கிளியிலேயே பல சாதி. நெஞ்சு சிவந்தது, வால் நீண்டது, அலகு பெருத்த பெரிய பச்சைக்கிளி. எல்லாம் இந்தத் தீவுக்காரர்கள்தாம். நாட்டு மைனாதான் பிரிட்டிஷ் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்டது.

*

சென்னையிலும் கொல்கத்தாவிலும் இருந்து கப்பலில் வரும் காய்க்குக் கப்பல் கூலியும் சேரும். நீல் தீவு (2018 முதல் ஷஹீத் தீவு) காய் வரத்துதான் கொஞ்சம் ஆறுதல். அதனால் கொல்லையில் நிற்கும் நாலு தக்காளிச் செடிக்கும் மதிப்புண்டு.

*

மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய மீன்வலையைச் செடிமேல் போர்த்த வேண்டாம். மெல்லிய நைலான் இழையில் குருவியின் கால் சிக்கும், பாம்பும் மாட்டும். எந்த வலையும் தொளதொளவென்று கிடந்தால் பறவை வெளியே உட்கார்ந்தே கொத்தும். கம்பு நட்டு, விறைப்பாக இழுத்து, பழத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கட்டணும்.

*

வருஷத்துக்கு 3,000 மி.மீ. அளவுக்குப் பெய்கிற ஊர். கண் நெருங்கிய வலைக்குள் தக்காளி இலை காயாது, பூஞ்சை பிடிக்கும். கொய்யாவுக்குக் காகித உறை மழையில் ஊறிக் கிழியும். மெல்லிய துணிப்பை தேவலை, பழ ஈக்கும் காவல்.

*

குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனத்துப் பெண்கள் தழல், தட்டை, குளிர் என்று கருவி வைத்துக் கிளியோட்டுகிறார்கள். நமக்குத் தகர டப்பா, பழைய சிடி, கேசட் நாடா. அங்கே ஓட்டுகிற ஆள் கூடவே இருந்தார். நாம் கட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறோம். இடம் மாற்றாமல் விட்டால் சில நாளில் சிடி தொங்கும் கிளையிலேயே கிளி உட்காரும்.

*

கிளியைப் பிடிக்கவோ கூண்டில் அடைக்கவோ நினைக்கக்கூடாது. 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. தொல்லை விலங்குப் பட்டியலில் இருந்த காகத்துக்குக்கூட 2022 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பெயர் இல்லை.

*

செலவே இல்லாத வழி, முந்திக்கொள்வது. பப்பாளியில் முதல் மஞ்சள் கீற்று தெரிந்ததும் பறித்து வீட்டுக்குள் வைத்தால் பழுக்கும். தக்காளி நிறம் திரும்பும்போதே பறிக்கலாம். மிளகாய் பச்சையாகவே போதும். கொய்யாவுக்கு மட்டும் இது உதவாது, கிளி காயிலேயே கை வைக்கும். துணிப்பைகளை அதற்கு ஒதுக்கிவிடலாம்.