பேனாவுக்குள் ஒரு கடிகாரம்

அப்பாவின் கைக்கடிகாரம் நின்று போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. எச்.எம்.டி. ஜனதா. ஜப்பானின் சிட்டிஸன் கம்பெனி கைகொடுக்க, 1961ல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் பிள்ளை. காலையில் குளித்துவிட்டு வந்ததும் அதற்குச் சாவி கொடுப்பார். அதன் பிறகுதான் காபி. தண்ணீர் புகுந்து அது செத்தபோது, ரிப்பேர்க்காரர் பிழைத்த பாகங்களை மட்டும் ஒரு பொடி டப்பாவில் போட்டுத் தந்தார். பித்தளைச் சக்கரம் நாலு, எஃகுச் சக்கரம் ஒன்று, முடிபோன்ற ஸ்பிரிங்கோடு பாலன்ஸ் சக்கரம்.

லேத்தில் பேனா கடையும் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர் அறிமுகமானார். பித்தளைக் குழாய்க்குக் கறுப்புப் பூசி, அதன்மேல் சக்கரங்களை ஒட்டி, அச்சில் நிறுத்தி இபாக்ஸி ரெசினை ஊற்றுவாராம். இறுகியதும் கடைந்து மெருகேற்றினால், கண்ணாடிக்குள் கடிகாரம் தெரியுமாம். எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன ஆசை காட்ட வேண்டும்? டப்பாவைக் கொடுத்துவிட்டேன்.

மார்கழியில் ஊற்றினார். அங்கேதான் வந்தது வினை. குளிரில் ரெசின் தேன்பாகாகக் கெட்டிப்படும். உள்ளே சிக்கிய காற்று மேலே வர வழியில்லை. சக்கரத்தின் பல்லுக்குப் பல் குமிழ்! கடைந்தால் குமிழெல்லாம் குழியாகிவிடும். போதாதற்கு இரண்டு திரவங்களின் அளவும் பிசகி, ஒரு பக்கம் பிசுபிசுவென்று இறுகாமலே நின்றது.

"போனது போகட்டும், தம்பி" என்று டெலிபோனில் சொன்னேன். சொன்னேனே ஒழிய, அன்றிரவு தூக்கம் வரவில்லை. அப்பாவை இரண்டாம் முறை தண்ணீரில் போட்டுவிட்டாற்போல் இருந்தது.

"எடுத்துரலாங்க ஐயா, கொஞ்சம் பொறுங்க" என்றார் அவர்.

நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் லேத்தில் மேல்பூச்சை நூல் நூலாகக் குறைத்தார். சக்கரத்துக்கு ஒரு மயிரிழை இருக்கும்போது நிறுத்திவிட்டார். உளி எஃகுப் பல்லில் மாட்டினால் உளியும் போச்சு, பல்லும் போச்சு. பிறகு சூட்டுக் காற்றுத் துப்பாக்கி. இறுகின இபாக்ஸி உருகாது, ஆனால் சூட்டில் ரப்பர் போலத் தளரும். அதிகமானால் கருகிப் புகையும். அந்தப் புகை ஆகாதென்று ஜன்னல்களைத் திறந்து வைத்தார். வெந்நீர் போதாதா என்று என் அதிமேதாவித்தனத்தைக் காட்டினேன்.

"எஃகு துருப் பிடிச்சுருங்களே!"

வாயை மூடிக்கொண்டேன்.

ஊசியாலும் சிமிட்டாவாலும் துணுக்குத் துணுக்காக உரித்தார். ஒட்டியிருந்த பசையும் சூட்டில் விட்டது. விடாப்பிடியாக நின்றதை அசிட்டோனில் ஊறப் போட்டார். அது ரெசினைக் கரைக்காது, ஊதவைக்கும், அவ்வளவுதான். அதற்கு நாள் கணக்காகும். பித்தளை நாலும் பழுதில்லாமல் வந்தன. எஃகுச் சக்கரம் ஒரு பல்லை இழந்தது. அந்த மெல்லிய ஸ்பிரிங் மட்டும் ரெசினோடு இழுபட்டு, கம்பியாக நீண்டு, கையில் துவண்டது. தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பங்குனியில் மறுபடி ஊற்றினார். ரெசின் பாட்டிலை வெதுவெதுப்பில் வைத்து இளக்கி, முதலில் சக்கரங்களின்மேல் தூரிகையால் தடவிக் காற்றை ஓட்டிவிட்டு, அச்சை இரும்பு அழுத்தக் கலத்தில் வைத்து மூடினார். காற்றழுத்தத்தில் மிஞ்சிய குமிழ்கள் கண்ணுக்குத் தெரியாமல் சுருங்கிவிடும். ரெசின் இறுகும்வரை அழுத்தத்தை விடக் கூடாது. விடிய விடியக் காவல் இருந்தாராம்.

பேனா வந்துவிட்டது. பல் போன சக்கரத்தை மூடிக்குக் கீழே, எழுதும்போது என் கட்டைவிரல் மறைக்கிற இடத்தில் வைத்திருக்கிறார். நீண்ட கம்பியை நான் பொடி டப்பாவிலேயே போட்டு வைத்தேன். டப்பாவைத் திறந்தால் இப்போது பொடி வாசனையோடு ரெசின் வாசனையும் வருகிறது.