உத்திரத்தை மறைக்க வேண்டாம்

புதுச்சேரி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள தங்கச்சிக்கு,

பிள்ளைகள் மச்சில் நடந்தாலே கீழே அம்மா திடுக்கிட்டு விழித்துக்கொள்கிறாள் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கும் தூக்கம் சரியில்லை. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். ஆசாரியிடம் காட்டவும் ஆகும் என்றுதான் எழுதுகிறேன். அதற்காக நீ போட நினைக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதே.

தாத்தா வாங்கிப் போட்ட பர்மா தேக்கு உத்திரங்களை மூடுவதற்கு எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அதற்காக மட்டும் சொல்லவில்லை. காலடிச் சத்தம் காற்று வழியாக வருவதில்லை. குதிகால் பலகையில் இடிக்கிறது, பலகை உத்திரக் கட்டையை அதிரவைக்கிறது, கட்டை அந்த அதிர்வைச் சுவர்வரை கொண்டுபோகிறது. அதே கட்டையில் ஜிப்சம் போர்டை ஆணியடித்தால் போர்டும் சேர்ந்துதான் அதிரும். உள்ளே கரையான் வந்தாலும் ஓடு ஒழுகினாலும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். நான் இங்கே என் வீட்டில் முதலில் கட்டைகளுக்கு நடுவே தெர்மாகோல் ஒட்டிப் பார்த்தேன். கனமே இல்லாத பொருள் சத்தத்தை எப்படித் தடுக்கும்? காசுதான் போயிற்று.

வேலையை மேலிருந்து செய்ய வேண்டும். முதலில் பலகை இடுக்குகளை அடைக்கச் சொல். ஒரு தளத்தில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மற்ற இடம் எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. அம்மாவின் டிவி மேலே கேட்பதும், மேலே பேசுவது கீழே கேட்பதும் பெரும்பாலும் அந்த இடுக்குகளால்தான். ஆனால் உத்திரத்தின் முனை சுவருக்குள் போகும் இடத்தைப் பூசி மூட விடாதே. அங்கே ஈரம் தங்கினால் மரம் உளுத்துவிடும்.

பிறகு பலகைமேல் ரப்பர் விரிப்பு, அதன்மேல் 12 மி.மீ. சிமென்ட் போர்டு, அதன்மேல் 18 மி.மீ. பிளைவுட். மேல் அடுக்கின் மூட்டும் கீழ் அடுக்கின் மூட்டும் ஒரே இடத்தில் வரக் கூடாது. இரண்டையும் ஒன்றோடொன்று மட்டும் முடுக்க வேண்டும். அதற்கு 25 மி.மீ. ஸ்க்ரூ போதும். ஆசாரி உறுதிக்காக நீள ஸ்க்ரூ போட்டுக் கீழ்ப்பலகைவரை இறக்கப் பார்ப்பார். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள். இரும்பு இறங்கிய ஒவ்வொரு இடத்திலும் சத்தத்துக்கு ஒரு பாலம் கட்டியது போலாகும். நான்கு சுவரோரமும் விரல் பருமன் இடைவெளி விட்டு ரப்பர் பட்டை வைக்கச் சொல்; தளம் சுவரைத் தொடவே கூடாது.

வெளிநாட்டுப் பழைய வீடுகளில் கட்டைகளுக்கு இடையே மணலோ சாம்பலோ கொட்டுவார்களாம் என்று மாப்பிள்ளை சொன்னார். உண்மைதான், கனம் சத்தத்தைத் தடுக்கும். ஆனால் இரண்டு அங்குல மணலே சதுர மீட்டருக்கு 80 கிலோ. நம் பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி அறைக்கு 1,300 கிலோவுக்கு மேல் வரும். அந்த வயதான கட்டைகள்மேல் அதை ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன். நான் சொல்லும் தளம் சுமார் அரை டன். அதற்குக்கூட ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் கட்டைகளைத் தட்டிப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

சத்தம் அடியோடு போய்விடாது. ஓடிக் குதித்தால் கேட்கும். நடந்தால் அம்மா விழிக்க மாட்டாள், அது போதும். அதுவரை பிள்ளைகள் படுக்கும் பக்கம் தடித்த கயிற்றுப்பாய் விரித்து, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குமிழ் போட்டுவை. பிள்ளைகளை அதட்டாதே.

தளம் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் உயரும். கதவை அடியில் இழைக்க வேண்டும். மாடிப்படியின் கடைசிப் படியில் கால் தடுக்கும். அந்தப் படியின் உயரத்தையும் அதற்கு முந்தியதன் உயரத்தையும் அளந்து அனுப்பு. சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். நான் வருவதாக அம்மாவிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
அண்ணன்