சயாமில் ஒரு நடுகல்

மாயவரம் பக்கத்துக் கிராமங்களில் வயதானவர்களிடம் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தால் எப்படியும் ஒரு வீட்டில் இந்தக் கதை வரும். "எங்க தாத்தாவுக்கு ஒரு அண்ணன் இருந்தாராம். மலாயாவுக்குக் கப்பல் ஏறிப் போனவரு... அப்புறம் ஒரு தகவலும் இல்ல."

அதோடு கதை முடிந்துவிடும். அவர் எங்கே போனார், என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாது. அப்படிக் காணாமல் போனவர்களில் ஒரு பகுதியினர் எங்கே கிடக்கிறார்கள் என்பதைப் பற்றியதுதான் இந்தப் பதிவு.

அந்தக் காலத்தில் தஞ்சை ஜில்லாவிலிருந்து மலாயாவுக்குப் போக வாசல் நாகப்பட்டினம். ரப்பர் தோட்டத்துக் கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்த்துக்கொண்டு போவார். 1926-ல் ஓடத் தொடங்கிய 'ரஜூலா' கப்பலை நாகப்பட்டினத்துப் பெரியவர்கள் இன்னமும் சொல்வார்கள். சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத பண்ணையாட்களுக்குக் கடல் தாண்டிப் போவது ஒரு விடுதலையாகவும் இருந்தது. மணியார்டர் வரும், கடிதம் வரும்.

1941 டிசம்பரில் ஜப்பான் ராணுவம் மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. கடிதமும் மணியார்டரும் அத்தோடு நின்றுபோயின.

சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை வேண்டும் என்று ஜப்பான் முடிவு செய்தது. 1942 நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. மலையும் காடும் மழையுமான அந்த இடத்தில் இது நடக்கிற காரியமா? மனித உயிருக்கு விலை இல்லை என்று வைத்துக்கொண்டால் நடக்கும். நடந்தது.

வேலை செய்தவர்களில் சுமார் 60,000 பேர் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு போர்க் கைதிகள். அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவிலிருந்து கொண்டு போகப்பட்டவர்கள் மட்டும் ஏறத்தாழ 75,000 பேர் என்று கணக்கிடுகிறார்கள். அதில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். முதலில் நாளுக்கு ஒரு டாலர் கூலி, சில மாத வேலை என்று ஆசை காட்டினார்கள். ஆள் போதாதபோது பிடித்துக்கொண்டு போனார்கள். இலவச சினிமா என்று கூட்டம் சேர்த்து லாரியில் ஏற்றியதாகப் பிழைத்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

மலேரியா, வயிற்றுப்போக்கு, காலில் அழுகும் புண். 1943-ல் காலராவும் வந்தது. கைதிகளின் முகாம்களில் அவர்களுடைய ராணுவ டாக்டர்களாவது இருந்தார்கள். தமிழர் லைன்களில் பெரும்பாலும் அதுவும் இல்லை. செத்தவர்களைக் குழியில் தள்ளி மூடினார்கள் அல்லது எரித்தார்கள்.

போர்க் கைதிகளில் சுமார் 13,000 பேர் இறந்தார்கள். தொழிலாளர்களில் 80,000 முதல் 1,00,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. இந்த இரண்டு எண்களையும் பாருங்கள். கைதிகளுக்கு ஓரளவு கணக்கே இருக்கிறது. தொழிலாளர்கள் விஷயத்தில் கணக்கிலேயே இருபதாயிரம் பேர் முன்னே பின்னே! இருபதாயிரம் பேர் என்றால் ஒரு சின்ன ஊர்.

இந்த வித்தியாசம் ஏன் வந்தது? கைதிகள் ஒரு ராணுவத்தைச் சேர்ந்தவர்கள். இறந்தவர் பெயர், தேதி, புதைத்த இடம் எல்லாவற்றையும் அவர்களே ரகசியமாகக் குறித்து வைத்தார்கள். 1945-ல் சண்டை முடிந்த சில வாரங்களிலேயே ஒரு சிறு குழு அந்தப் பாதை நெடுகப் போய், 144 இடுகாடுகளில் 10,549 கல்லறைகளைத் தேடிக் கண்டுபிடித்தது. இன்று தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள் வரிசையாக, புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பராமரிக்கப்படுகின்றன. அது தவறே இல்லை. இறந்தவனுக்குச் செய்ய வேண்டிய மரியாதை அது.

தமிழனுக்கு அப்படிக் குறித்து வைக்க யாரும் இல்லை. சண்டைக்குப் பிறகு தேடவும் எந்த அரசாங்கமும் வரவில்லை. 1957-ல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படத்தின் கதை வெள்ளைக்காரக் கைதிகளைச் சுற்றியே போகிறது. உலகத்துக்குத் தெரிந்தது அந்தக் கதைதான்.

அரசாங்கங்கள் செய்யாததைச் சாதாரண மனிதர்கள் செய்யத் தொடங்கினார்கள். மலேசியாவில் ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் இதை நாவலாக எழுதினார்கள். போனவர்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் சேர்ந்து, உயிரோடு இருந்த முதியவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்தார்கள். காஞ்சனபுரிக்குப் பயணம் போய் அஞ்சலி செலுத்தினார்கள். 2023 மே 1, தொழிலாளர் தினத்தன்று, அங்குள்ள வாட் தாவோர்ன் வராராம் என்ற புத்தக் கோயிலில் அந்தத் தமிழர்களுக்காக ஒரு நடுகல் திறக்கப்பட்டது. தமிழக அரசு அதற்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தது. உலகப் போர் முடிந்து 78 வருஷம் கழித்து!

நடுகல் என்று பெயர் வைத்ததில் ஓர் அர்த்தம் இருக்கிறது. கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுத்த நடுகல் இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல் பழையது. ஆநிரை கவர்ந்த சண்டையில் இறந்த ஒருவன் பெயரும் ஊரும் அதில் தமிழ்-பிராமி எழுத்தில் இருக்கின்றன. மாட்டுச் சண்டையில் செத்த ஒருத்தன் பெயர் இன்றுவரை நிற்கிறது. எண்பது வருஷத்துக்கு முன்னால் இறந்த ஆயிரக்கணக்கானவர்களின் பெயர் இல்லை.

'அவர்கள் வீரர்களா? கூலிகள்தானே?' என்று சிலர் கேட்கலாம். ஆயுதம் எடுக்காதவர்கள்தான். ஆனால் ஒரு போருக்காகப் பாதை போட வைத்து அந்தப் போர்தான் அவர்களைக் கொன்றது. போரில் இறந்தவர் என்பதற்கு வேறு என்ன இலக்கணம் வேண்டும்?

கல்லை நட்டாகிவிட்டது. மிச்சம் இருப்பது பெயர்கள். அவற்றில் பல இனி தாய்லாந்தில் கிடைக்காது. இங்கே டெல்டாவில், டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும் பழைய கடிதத்திலும் மணியார்டர் ரசீதிலும் எண்பது தாண்டிய பாட்டிமார் நினைவிலும்தான் கிடைக்கும். பெட்டியைக் கறையான் தின்னும். பாட்டிமாரும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இறந்த திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் இறைப்பது வழக்கம். மயிலாடுதுறை துலாக் கட்டத்தில் வருஷா வருஷம் அது நடக்கிறது. திதி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் அங்கேயும் பெயர் சொல்லித்தான் இறைக்க வேண்டும். இதைப் படிப்பவர்கள் வீட்டில் மலாயா போய்த் திரும்பாதவர் யாராவது இருந்தால், அவர் பெயரையும் போன வருஷத்தையும் இந்த வாரமே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.