மோர் ஓடைக்கு மேலே

கல்யாணமாகி ஐந்தாவது மாதம், 2007 பிப்ரவரியில், என் மனைவி கிளாஸ்கோவில் வந்து இறங்கினாள். அதற்கு முன் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தது பதினோரு நாள். மீதியெல்லாம் காலிங் கார்டு. ஐந்து பவுண்டு கார்டில் எத்தனை நிமிடம் பேசலாம் என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு, அவளுக்கு எதில் கோபம் வரும் என்பது தெரியாது.

நான் அங்கே எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, ஸ்காட்லாந்தில் படித்தவர்கள் இரண்டு வருடம் தங்கி வேலை செய்யலாம் என்று அப்போது இருந்த 'ஃப்ரெஷ் டேலண்ட்' விசாவில் ஒட்டிக்கொண்டிருந்தேன். மென்பொருள் சோதிக்கும் வேலை. காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் திரும்ப ஆறரை ஆகும். அவள் அம்பாசமுத்திரத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். இங்கே வந்து மூன்றாம் மாடியில் ஒரு அறை, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மழை. டி.வி. வாங்கினால் அதற்கு வருடாந்திர உரிமக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதால் டி.வி.யும் இல்லை. மாலையில் நான் கதவைத் திறக்கும்போது, அன்று அவள் பேசும் முதல் வார்த்தை அதுதான் என்பது சில நாட்கள் குரலிலேயே தெரியும்.

ஆகவே நாங்கள் மலைக்குப் போனது இயற்கை ரசனையால் அல்ல. வீடு சிறியது, கார் இல்லை, கடைத்தெருவுக்குப் போனால் காசு போகிறது. அலுவலகத்தில் ஒருவர்தான் சொன்னார்: குவீன் ஸ்ட்ரீட் நிலையத்தில் காலை ரயில் ஏறு, ஒன்றேகால் மணி நேரத்தில் ஆரோஹர் – டார்பெட் நிலையம், இறங்கி நடந்தால் மலை. சாப்பாடு எடுத்துக்கொண்டு போ.

மே மாதம் போனோம். நான் ஜீன்ஸ், அவள் சுடிதாருக்கு மேல் என் பழைய மழைக்கோட்டு. காலில் இருவருக்கும் கேன்வாஸ் ஷூ. நனைந்த பருத்தித் துணி உடம்புச் சூட்டை எப்படி உறிஞ்சும் என்பதெல்லாம் பிற்பாடு கற்றுக்கொண்டது.

அந்த மலைக்குப் பெயர் காப்ளர். செருப்புத் தைப்பவர். குனிந்து உட்கார்ந்து வேலை செய்பவரைப் போல உச்சிப் பாறை தெரியும் என்பார்கள். 884 மீட்டர். லாங் ஏரி என்று சொன்னாலும் அது கடல்தான், மலைக்குள் நீளமாகப் புகுந்த கடல்நீர். அதன் தலைமாட்டிலிருந்து பாதை காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறுகிறது. காடு முடிந்ததும் ஓர் ஓடை கூடவே வருகிறது. அதற்கு 'பட்டர்மில்க் பர்ன்' என்று பெயர் என்று நான் படித்துச் சொன்னதும் அவள் நின்றுவிட்டாள். "மோர் ஓடையா?" பாறையில் அடித்து நுரைத்து வரும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் வச்சிருக்காங்க" என்றாள். அவள் பையில் தயிர்சாதம் இருந்தது.

ஓடைக்கு மேலே வீடு அளவுக்கு இரண்டு பாறைகள் கிடக்கின்றன. நார்னைன் பாறைகள். 1930களின் பஞ்ச காலத்தில் கிளைட் ஆற்றங்கரைக் கப்பல் பட்டறைகளில் வேலையிழந்த இளைஞர்கள் வார இறுதியில் இங்கே வந்து அந்தப் பாறைகளின் அடியில் படுத்துக் கிடப்பார்களாம். கிளைட்பேங்கில் 1930இல் தொடங்கிய 'கிரேக் டூ' என்ற மலையேற்றச் சங்கத்துக்காரர்கள் அந்த வழி வந்தவர்கள். நான் அதுவரை மலையேற்றம் என்றால் காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன். வேலையில்லாதவர்களின் மலை என்று தெரிந்ததும் எனக்கு அதன்மீது ஒரு சொந்தம் வந்தது. அவளுக்கும் வந்திருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை.

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் மேடு என்றால் ஆற்றுப் பாலத்தின் ஏற்றம். சைக்கிளில் நின்று மிதித்தால் முடிந்துவிடும். அவளோ பொதிகையை வாசலில் வைத்துக்கொண்டு வளர்ந்தவள். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் காட்டுக்குள் போய்த் தங்கிவரும் குடும்பம். நான் பனிமூட்டம் என்பதை அவள் மஞ்சு என்பாள். "மஞ்சு இறங்கிட்டுன்னா இருக்கிற இடத்திலேயே இருக்கணும்னு எங்கப்பா சொல்லுவாங்க" என்று அந்த முதல் நாளிலேயே சொன்னாள். நான் தலையாட்டினேன். மாமனார் சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் காலம் அது.

அந்த உச்சியில் கடைசிப் பாறைக்கு ஒரு துளை வழியாக நுழைந்து, வெளியே குறுகிய விளிம்பில் கால் வைத்து ஏற வேண்டும். ஊசியில் நூல் கோப்பது என்று பெயர். இருவரும் துளைவரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். கீழே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் கிளாஸ்கோ வந்ததிலிருந்து அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்குப் பட்டியல் கிடைத்துவிட்டது. ஸ்காட்லாந்தில் 3000 அடிக்கு மேற்பட்ட மலைகளையெல்லாம் சர் ஹ்யூ மன்ரோ என்பவர் 1891இல் பட்டியலிட்டு வெளியிட்டார். அவற்றுக்கு மன்ரோ என்றே பெயராகிவிட்டது. இன்றைய கணக்கில் 282. அனைத்தையும் ஏறி முடிப்பதே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர்கள் உண்டு. மன்ரோ 1919இல் இறக்கும்வரை தன் பட்டியலை முடிக்கவில்லை. இதிலிருந்து ஒரு பாடம் கற்றிருக்க வேண்டும். கணினிக்காரன் கையில் பட்டியல் கிடைத்தால் என்ன ஆகும்? எக்செல்லில் ஏற்றி, ஏறியதற்குப் பச்சை வண்ணம் அடித்தேன். காப்ளர் 3000 அடியைத் தொடவில்லை என்பதால் பட்டியலிலேயே இல்லை. எங்கள் நல்ல நாள் அந்தக் கோப்பில் ஒரு கட்டமாகக்கூட இல்லை. கோடை முடிவதற்குள் பென் லோமண்ட் உட்பட ஐந்து கட்டம் பச்சையானது.

அக்டோபர் நடுவில் மறுபடி அதே ரயில், அதே மோர் ஓடை. இந்த முறை காப்ளருக்குப் பின்னால் இருக்கும் பென் ஈம், 1011 மீட்டர். இரண்டுக்கும் நடுவில் ஒரு கணவாய் இருக்கிறது. அங்கே சேரும்போது மணி ஒன்று. மேலே எதுவும் தெரியவில்லை. மஞ்சு இறங்கியிருந்தது. அவளுக்குக் குதிகாலில் கொப்புளம். "இன்னிக்குப் போதுங்க, திரும்பிருவோம்" என்றாள்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீ இங்கேயே உட்காரு. நான் ஓடிப் போய்த் தொட்டுட்டு அரை மணியில வந்துடறேன்."

அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இருபது அடி போய்த் திரும்பிப் பார்த்தபோது சிவப்பு மழைக்கோட்டு மங்கலாகத் தெரிந்தது. அடுத்த முறை திரும்பியபோது இல்லை.

அரை மணி என்பது பொய். அப்போது எனக்கு அது தெரியாது. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் சொன்ன எளிய கணக்கு ஒன்று உண்டு. இன்றைய அளவில் சொன்னால் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் பத்து நிமிடம். கணவாயிலிருந்து உச்சி ஏறத்தாழ 370 மீட்டர் உயரம். ஏறவே ஒரு மணி நேரம் ஆகும். எனக்கு ஆனது. உச்சிக் கற்குவியலைத் தொட்டேன். காட்சி என்று எதுவும் இல்லை, பால் டம்ளருக்குள் நிற்பதுபோல் வெள்ளை.

இறங்கும்போதுதான் தவறினேன். வந்த வழி தென்கிழக்கு. புல்சரிவு எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இருந்தது, கால் எங்கே சுலபமாக இருந்ததோ அங்கே போனேன். கால் மணி நேரம் வேகமாக இறங்கிய பிறகு லாரி ஒன்று கியர் மாற்றும் சத்தம் கேட்டது. ஏ83 சாலை. 'ரெஸ்ட் அண்ட் பி தேங்க்ஃபுல்' என்ற மேட்டுக்கு வண்டிகள் முக்கி ஏறும் இடம். 18ஆம் நூற்றாண்டில் அந்தப் பாதையைப் போட்ட சிப்பாய்கள் அங்கே கல்லில் செதுக்கி வைத்த வாசகம்தான் இடத்துக்கே பெயராகிவிட்டது, இளைப்பாறு, நன்றியோடிரு என்று. அந்தச் சத்தம் எனக்கு வலப்பக்கம் கேட்க வேண்டும். நேர் எதிரே கேட்டது. மலையின் தவறான பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன்.

திசைகாட்டிக்காகப் பைக்குள் கைவிட்டபோதுதான் என்னிடம் என்னென்ன இருக்கின்றன என்று தெரிந்தது. வரைபடம். திசைகாட்டி. கைப்பேசி, அப்போது இருவருக்கும் சேர்த்து அது ஒன்றுதான். டார்ச். இரண்டு பேருக்கான திரும்பும் ரயில் டிக்கெட். அவளிடம் தயிர்சாதமும் தண்ணீரும் இருந்தன.

சரிவிலேயே இடப்பக்கமாக, விழுந்தும் எழுந்தும் சுற்றிவந்தேன். அவள் பெயரைக் கத்தினேன். மஞ்சுக்குள் கத்தினால் குரல் முகத்துக்கு நேராக நின்றுவிடுகிறது. அவள் என்னைத் தேடிக் கிளம்பியிருந்தால் என்ற எண்ணம் வந்தபோது முழங்கால் நடுங்கியது. பிறகு ஒரு விசில். இடைவெளி விட்டு இன்னொன்று. எண்ணினேன், ஆறு. அப்புறம் ஒரு நிமிட அமைதி. மறுபடி ஆறு. அதைப் பிடித்துக்கொண்டே போனேன்.

அவள் அதே இடத்தில், பையைப் போட்டு அதன்மேல் முழங்காலைக் கட்டி உட்கார்ந்திருந்தாள். இருந்த துணியெல்லாம் போட்டிருந்தாள். பையின் மார்புப் பட்டைக் கொக்கியிலேயே ஒரு சின்ன விசில் இருக்கிறது. எனக்கு அது தெரியாது. ஆபத்தென்றால் நிமிடத்துக்கு ஆறு ஊத வேண்டும் என்று நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் படித்திருந்தாள். நான் அந்தப் புத்தகத்தில் படம் பார்த்ததோடு சரி. மணி மூன்றே முக்கால். உதடு நீலமாக இருந்தது.

நான் ஏதேதோ சொல்லியிருப்பேன், நினைவில்லை. அவள் சொன்னது ஒன்றுதான்.

"என் டிக்கெட்ட என்கிட்ட குடுங்க."

கொடுத்தேன். மழைக்கோட்டின் உள்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். காட்டுக்குள் வரும்போது இருட்டிவிட்டது. ஒரே டார்ச், அவள் முன்னால் பிடித்துக்கொண்டு நடந்தாள். ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். மூன்று நாள் தேவைக்கு மேல் பேசவில்லை. அவளுக்கு எதில் கோபம் வரும் என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

நான்காம் நாள் மாலை வந்தபோது சமையல் மேசையில் எங்கள் லேண்ட்ரேஞ்சர் 56ஆம் தாள், ரோஜா நிற அட்டை வரைபடம், விரித்துக் கிடந்தது. பக்கத்தில் அடிக்கோலும் பென்சிலும். சமஉயரக் கோடுகளை எண்ணி, நான் போன வழியையும் போயிருக்க வேண்டிய வழியையும் போட்டு, ஓரத்தில் நெய்ஸ்மித் கணக்கை எழுதியிருந்தாள். பத்தாம் வகுப்புப் பையனுக்குச் சொல்வதுபோல் படிப்படியாக. திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இளவேனிலில் இரண்டு நாள் திசையறியும் வகுப்பு ஒன்றில் சேர்ந்தாள். பதினான்கு பேரில் அவள் ஒருத்திதான் நம்மூர்க்காரி. அதன் பிறகு வரைபடம் அவள் கழுத்தில்தான் தொங்கியது. என் எக்செல் கோப்பு என்ன ஆனதென்று யாரும் கேட்கவில்லை, நானும் திறக்கவில்லை. அடுத்த நான்கு வருடம் நாங்கள் போன இடங்கள் எல்லாம் அவள் தேர்வு. 2003இல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டத்தால் ஸ்காட்லாந்தில் பெரும்பாலான நிலத்தில் யாரும் பொறுப்போடு நடக்கலாம், கூடாரம் அடிக்கலாம். கிளென்கோ அருகே ஜூனில் அப்படி அடித்துத்தான் மிட்ஜிடம் மாட்டினோம். கொசுவென்றால் அடிக்கலாம். இது மூக்குப்பொடியைக் காற்றில் தூவிவிட்டு, அந்தப் பொடிக்குப் பல்லும் வைத்ததுபோல். காற்று வீசினால் ஒழியும். அன்றிரவு காற்று வீசவில்லை. காலையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். அது ஒரு கணக்கில் சமாதானம்.

2010இல் மாமனார் வந்திருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து, "மாப்பிள்ளை, மலையெல்லாம் ஏறுதீங்களாம்லா?" என்றார். எனக்கு நாக்கு எழவில்லை. அவள் தோசை வார்த்துக்கொண்டே, "அவங்க கூட இருக்கும்போது எனக்கென்னப்பா பயம்" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் இரண்டாவது தோசையை எப்படிச் சாப்பிட்டேன் என்று தெரியாது.

பிறகு மகள் பிறந்தாள். வேலை மாறி இங்கிலாந்தின் கிழக்கே வந்துவிட்டோம். மன்னார்குடி போலவே மேடில்லாத ஊர். மனைவி இங்கே ஒரு பள்ளியில் கணக்கு சொல்லித் தருகிறாள். என் இடது முழங்கால் மாடிப்படிக்கே முணுமுணுக்கிறது. அந்த அக்டோபரைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளும் சொல்லவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

போன ஆகஸ்டில் மூவரும் போனோம். அதே ரயில். ஓடையருகே மகள், "இதுதானே மோர் ஓடை?" என்று கேட்டபோது எனக்கு ஆச்சரியம். கணவாயை அடையும்போது நல்ல வெயில். பென் ஈம் உச்சிவரை ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. இவ்வளவு சாதுவான சரிவிலா வழி தவறினேன் என்று நம்ப முடியவில்லை. மகள் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு பாறையைக் காட்டினாள்.

"அம்மா, இங்கதான் அப்பா உன்னை விட்டுட்டுப் போனாரா?"

நான் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தேன். கட்டு அவிழ்ந்திருக்கவில்லை.

மனைவி வரைபடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "அது இல்ல. அதுக்கு அடுத்தது" என்றாள். பிறகு அந்த அடுத்த பாறைக்குப் போய், பையைப் போட்டு உட்கார்ந்து, டப்பாவைத் திறந்தாள். "மேல போறதுன்னா ஒரு மணி நேரம் ஏறணும், இவருக்கு ஒன்றரை. முதல்ல சாப்பிடுங்க."