வாடைக் காற்றில் நெடுந்தீவுக் குதிரைகள்

யாழ்ப்பாணத்து மக்களிடம் நெடுந்தீவு என்று சொன்னால், அடுத்த சொல் பெரும்பாலும் குதிரையாகவே இருக்கும். ஆயினும் அத்தீவுக்குப் போய் வந்தவர்களுள் குதிரைகளைச் செவ்வையாகக் கண்டவர் பலர் அல்லர். மாரி காலத்தில் போய்க் கண்டவர் இன்னும் சிலரே. ஆடி, ஆவணி மாதங்களில் குளங்கள் வற்றிவிடும். எஞ்சிய நீர்நிலை ஒன்றின் அருகே காத்திருந்தால், குதிரைகள் தாமாகவே வந்து சேரும். மார்கழியிலோ பள்ளந்தோறும் நீர், வெளியெங்கும் புல். ஓரிடத்தில் கூடி நிற்க வேண்டிய அவசியம் அவற்றுக்கு இல்லை. வன்னிக் காடுகளில் மான் தேடித் திரிந்த பழைய வேட்டைக்காரருக்கும் மாரி இதே தொல்லையைத்தான் கொடுத்தது. மான் வேட்டை இன்று சட்டத்தால் தடுக்கப்பட்டது, அது நன்றே. ஆனால், காற்றையும் தடத்தையும் படிக்கும் அவர்களுடைய வித்தை மறைந்து போவதற்கு நியாயம் இல்லை. அந்த வித்தையில் சிறிதேனும் பழகலாம் என்றே, கல்லூரி விடுமுறையில் மாணவர் நால்வரோடு நாங்கள் புறப்பட்டோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் இறங்குதுறை வரையில் தரை வழிப் பயணம். அங்கிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. மார்கழிப் பயணம் எதற்கும் இந்த நிபந்தனை உண்டு. இந்தக் கடலிலேதான் 1985 மே 15 இல் குமுதினிப் படகில் சென்ற முப்பதுக்கும் மேற்பட்ட பயணிகள் கொல்லப்பட்டனர். மாணவர்கள் அதைப்பற்றிக் கேட்டார்கள், தெரிந்ததைச் சொன்னோம். அதன் பின்னர் மாவிலித்துறை தெரியும் வரையில் எவரும் அதிகம் பேசவில்லை.

இத்தீவுகளுக்கும் குதிரைக்கும் உள்ள உறவு பழையது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனுடைய தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளுக்குக் காவல் அளிப்பதை அது கூறுகிறது. யானையும் குதிரையும் கொண்டு வரும் மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கு அரசனுடைய பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு பண்டம் கொண்டு வரும் கலமாயின் சரிபாதி என்பது அதில் கண்ட ஏற்பாடு. குதிரை வணிகன் மனம் கசந்து வேறு துறைக்குப் போய்விடலாகாது என்பதில் அரசனுக்கு எத்துணைக் கவலை பாருங்கள்! ஊராத்துறை என்பதுதான் இன்று நாம் வழங்கும் ஊர்காவற்றுறை.

நெடுந்தீவில் இன்று திரிகின்றவை அக்காலத்துக் குதிரைகளின் வழி வந்தவை அல்ல. போர்த்துக்கேயர் கொண்டு வந்து விட்டவற்றின் சந்ததி என்றே பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தீவுகளுக்கெல்லாம் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நயினாதீவு ஹார்லம் ஆயிற்று. வேலணை லைடன் ஆயிற்று. அவற்றுள் நிலைத்த பெயர் டெல்ஃப்ட் ஒன்றே. குதிரை வளர்ப்பையும் அவர்கள் தொடர்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி அதை மேற்பார்வை செய்தார். பிற்பாடு அரசாங்கம் கைவிட்டது. குதிரைகள் தம்போக்கில் வாழத் தொடங்கின. உருவத்தில் அவை மட்டக்குதிரைகள். திரைப்படத்துக் குதிரையை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறுவர்.

தீவின் நிலம் சுண்ணக்கல். மேலே விரலளவு மண். பல இடங்களில் அதுவும் இல்லை. வீட்டு வேலிகளும் பவளப் பாறைக் கற்களை அடுக்கிய மதில்களே. இத்தகைய நிலத்தில் குளம்புத் தடம் பதியாது. பள்ளத்து நீரின் கரைச் சேற்றில் மட்டுமே பதியும். அதையும் அடுத்த மழை அழித்துவிடும். மாட்டின் குளம்பு பிளவுபட்டது, குதிரையின் குளம்பு பிளவற்றது என்ற பாடப்புத்தக அறிவு எங்களுக்கு இரண்டே இடங்களில் பயன்பட்டது. புல் நுனி கூடுதல் உதவி செய்தது. மாட்டுக்கு மேற்றாடையில் முன்பற்கள் இல்லை. நாவால் வளைத்து இழுத்து மேய்வதால் அடிப்புல் சற்று உயரமாக எஞ்சும். இரு தாடையிலும் முன்பற்கள் உடைய குதிரை, தரையோடு ஒட்டக் கத்தரித்ததுபோல் மேய்ந்திருக்கும். சாணமும் ஒரு சாட்சி. பொலிக்குதிரை தன் எல்லையில் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் சாணமிட்டுக் குவியலாக்கும். அப்படி ஒரு குவியலைக் கண்டதும் மாணவர் ஒருவர் புதையல் கண்டவர்போல் கூவினார். முட்புதர்களுக்கு அப்பால் உண்ணிக்கொக்குகள் எழுந்து இறங்குவதைப் பார்த்து அரை மணி நேரம் நடந்தோம். அங்கே நின்றவை பசுக்கள்.

எங்களுக்கு வழிகாட்ட இசைந்தவர் தீவிலேயே பிறந்து வளர்ந்த முதியவர். மாடு வளர்ப்பவர். புறப்படும் முன்பே எங்களைத் தடுத்து நிறுத்தினார்.

“மாஸ்டர், இப்ப வாடைக்காத்து. நாங்கள் வடக்கை இருந்து நேரை தெற்கை போனால், எங்கடை மணம் எங்களுக்கு முன்னம் போய்ச் சேர்ந்திடும். சுத்தித்தான் போகவேணும்.”

விஷயம் எளிது, எனினும் சொன்ன பிறகே விளங்கியது. இறங்குதுறையும் குடியிருப்புகளும் தீவின் வடபுறத்தில். குதிரைகள் விரும்பும் திறந்த வெளிகள் தெற்கே. சோளகம் வீசும் காலத்தில் ஊரிலிருந்து போகிறவருடைய முகத்திலேயே காற்று அடிக்கும். குதிரை அவர் மணத்தை அறியாது. வாடைக் காலத்தில் காற்றே முன்னோடித் தூதன். ஆகவே மேற்குக் கரையோரமாகச் சுற்றி, தென்மேற்கிலிருந்து காற்றை எதிர்த்து நடந்தோம்.

அதிலும் ஓர் இடைஞ்சல் இருந்தது. மழையும் காற்றும் அடிக்கும்போது குதிரை தன் பின்புறத்தைக் காற்றுக்குக் கொடுத்துத் தலை தாழ்த்தி நிற்கும். வாடையில் அது வடகிழக்குக்கு முதுகு காட்டித் தென்மேற்கையே பார்க்கும். நாங்கள் வருவது அந்தத் திசையில்! பின்னே வருவதை மூக்கு காக்கிறது. முன்னே வருவதைக் கண் காக்கிறது. மான் கூட்டத்திலும் இதே பாதுகாப்பை வேட்டைக்காரர் கண்டிருப்பர். “மழை விடட்டும்; தலையைக் குனிஞ்சு மேயத் தொடங்கும்; அப்ப அசையலாம்” என்றார் பெரியவர். தாழம் புதரொன்றின் கீழ் நனைந்தபடி முக்கால் மணி நேரம் இருந்தோம்.

மழை விட்டது. ஏறக்குறைய இருநூறு யார் தூரத்தில், கல்லின் நிறத்தோடு கலந்து நின்ற உருவங்கள் அசையத் தொடங்கின. கருங்கபில நிறப் பொலிக்குதிரை ஒன்று, பெட்டைகள் ஐந்து, குட்டிகள் இரண்டு. குட்டிகளுள் ஒன்று நீர் தேங்கிய குழியில் முன்காலால் அடித்து விளையாடியது. புகைப்படத்துக்கு அந்தத் தூரம் போதாது என்று மாணவர்கள் குறைப்பட்டார்கள். இன்னும் கிட்டப் போகப் பெரியவர் இசையவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. மோட்டார் சைக்கிளில் துரத்திப் படம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள் என்றும், ஓடும் கூட்டத்திலிருந்து குட்டி பிரிந்துவிட்டால் பின்னர் சேர்வது சிரமம் என்றும் அவர் சொன்னார். துரத்திப் பிடித்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அதை நாம் திருட்டாகவே கருதுகிறோம்.

குதிரைக்கு அசை போடும் வயிறு இல்லை. நாளில் பெரும்பகுதி மேய்ந்தாக வேண்டும். நீரும் நிறைய வேண்டும். மாரியில் இவ்வளவு பரந்து வாழும் பிராணி, கோடையில் ஒரு சில குளங்களுக்கும் கிணறுகளுக்கும் சிறைப்பட்டுவிடுகிறது. சாராப்பிட்டிப் பக்கத்தில் ஒல்லாந்தர் காலத்துக் கிணறுகளும் பழைய குதிரை லாயத்தின் தூண்களும் இன்றும் உள்ளன. குதிரையை வைத்திருப்பவன் நீருக்கு வழி செய்ய வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். கடும் வரட்சி ஆண்டுகளில் குதிரைகள் இறப்பது இத்தீவில் புதிய செய்தி அல்ல. அதே நீரை மாடுகளும் நாடுகின்றன; நல்ல குடிநீருக்கு மனிதருக்கே தட்டுப்பாடு. தீவின் ஒரு பகுதி 2015 இல் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பரப்பு ஏறக்குறைய 1,846 ஹெக்டேர். பிரகடனம் குதிரையைப் பிடித்துச் செல்பவனைத் தடுக்கும், குளத்தை நிரப்பாது. குளங்களை ஆழப்படுத்தி, கோடையில் தொட்டிகளில் நீர் விடும் வேலை ஆண்டுதோறும், எவரும் நினைவூட்டாமலே நடைபெற வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

திரும்பும் வழியில் மாணவர் ஒருவர் பெரியவரிடம், “ஐயா, இவ்வளவு கஷ்டப்படாமல் குதிரை பார்க்க எப்ப வரலாம்?” என்று கேட்டார்.

பெரியவர் சிறிது தூரம் பேசாமல் நடந்தார். பிறகு, “ஆவணியிலை வாங்கோ, தம்பி. தேடத் தேவையில்லை. கிணத்தடியிலை நிக்குங்கள்; கிட்டப் போனாலும் ஓடாதுகள். ஓட ஏலாது” என்றார்.