கற்கண்டும் சிவப்புப் பென்சிலும்

பத்திரிகை ஆபீஸில் பத்து வருஷம் உத்தியோகம் பார்த்தவனுக்கு ஒரு வியாதி பிடித்துக் கொள்ளும். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் முகூர்த்த நேரத்தைப் பார்க்க மாட்டான். ஒற்றுப் பிழையைத்தான் பார்ப்பான்! அந்த வியாதி என் வீட்டிலேயே ஒரு விபரீதத்தை விளைவித்துவிட்டது.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள், கும்பகோணத்திலுள்ள பாட்டிக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுவாள். செல்போனில் பேசினால் பாட்டிக்குச் சரியாகக் காது கேட்காது; கடிதம் என்றால் நாலு தடவை படிப்பாள். ஆடி மாதக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள் குழந்தை. என் கை சும்மா இருக்குமா? "கடைக்கு போனேன்", "படத்தை பார்த்தேன்" என்று பதினோரு இடங்களில் சிவப்புப் பென்சிலால் சுழித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை. கடிதமும் போகவில்லை. அடுத்த மாதமும் எழுதவில்லை. கேட்டதற்கு, "எனக்குத் தமிழ் வராதுப்பா" என்றாள்.

"ஆபீஸ் ப்ரூஃப் என்று நினைத்துக் கொண்டீர்களோ?" என்றாள் என் மனைவி. "குழந்தைக்கு உடம்பு சரியில்லையா?" என்று பாட்டி எழுதிக் கேட்டுவிட்டாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பழியைப் பள்ளிக்கூடத்தின்மேல் போட்டுவிடலாமென்று டீச்சரைப் பார்க்கப் போனேன். "இலக்கணமே சொல்லிக் கொடுப்பதில்லையா?" என்றேன்.

அந்த அம்மாள் சிரித்தார். "போன வருஷம்வரை சொல்லிக் கொடுத்தேன், ஸார். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். குழந்தைகள் மனசு அப்போது வாசலில் நிற்கும். பரீட்சை, விளையாட்டு விழா, எது வந்தாலும் முதலில் பறிபோவதும் அந்தப் பீரியட்தான். இப்போது வழியை மாற்றிவிட்டேன். நாளைக் காலையில் வந்து பாருங்கள்."

போனேன். தமிழ் வகுப்பின் முதல் பத்து நிமிஷம். குழந்தைகளின் நோட்டிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை, யாருடையது என்று சொல்லாமல், கரும்பலகையில் எழுதினார் டீச்சர்: "பார்வதி முருகனுக்கு வேலை கொடுத்தாள்."

"என்ன வேலை? எந்த ஆபீஸில்?" என்றார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நடுவில் ஒரு 'க்' போட்டார். "வேலைக் கொடுத்தாள்" என்றதும் முருகன் கைக்கு வேல் வந்துவிட்டது! அப்புறம் "தோசையைச் சாப்பிடு", "பந்தைத் தூக்கு", "கடைக்குப் போ" என்று குழந்தைகளே அடுக்கினார்கள். 'ஐ'யும் 'கு'வும் ஒட்டிய சொல்லுக்கு அடுத்து க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும் என்ற விதியைக் கடைசிப் பெஞ்சுச் சிறுமி ஒருத்தி தானே கண்டுபிடித்துச் சொன்னாள். உடனே பாடம் ஆரம்பமாகிவிட்டது.

"வாரம் முழுவதும் இந்த ஒரே விதிதான்; வாக்கியம் மட்டும் தினம் மாறும்" என்றார் டீச்சர். "2019-ல் வந்த ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் இலக்கணப் பகுதிக்குக் 'கற்கண்டு' என்று பெயர். ஒரே கடியாகக் கடித்தால் பல்தான் போகும், ஸார். வாயில் அடக்கிக் கொண்டால் தானே கரையும்."

நன்னூலுக்கு உரை எழுதிய ஆறுமுக நாவலர் (1822–1879), மாணவர்களுக்காக இலக்கணத்தைக் கேள்வியும் பதிலுமாகச் சிறு சிறு துண்டுகளாக்கி 'இலக்கண வினாவிடை' எழுதினாரே, அது நினைவுக்கு வந்தது. நானோ பதினோரு கட்டிகளை ஒரே சமயத்தில் குழந்தையின் வாயில் திணித்திருந்தேன்!

அன்று மாலையே மகளிடம், "அப்பா செய்தது தப்பு, கண்ணு" என்று சொல்லிவிட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. இரண்டு மாதம் சென்று ஒரு நாள், என் மேஜைமேல் கடிதம் இருந்தது. "கடைக்குப் போனேன்" சரி. "படத்தைப் பார்த்தேன்" சரி. கடைசி வரியில் மட்டும், "பாட்டி, நீச் சீக்கிரம் வா!" என்று, அழையா விருந்தாளியாக ஒரு 'ச்'.

என் கை சட்டைப் பைக்குப் போயிற்று. குழந்தை வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக் கொண்டிருந்தாள். பென்சிலை விட்டுவிட்டுத் தபால் தலையை எடுத்து ஒட்டினேன்.

அந்த 'ச்' கும்பகோணத்தையும்தான் ஒரு முறை பார்த்துவிட்டு வரட்டுமே!